வேலுச்சாமிக்கு ஒரு சட்டை

புஜைரா, அமீரகம்,
சனிக்கிழமை.

என் கண்ணு சம்யுவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் அக்ஷயும் பனியில் வழுக்கி விழாமல் சுகமாக இருக்க வேண்டும். தினமும் வீடியோவில் முகம் பார்த்துக்கொள்கிறோம், இதில் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதை என்னால் சொல்ல முடியாது. நீ நடுவில் கேள்வி கேட்பாய், எனக்கு அழுகை வந்துவிடும். அதனால்தான் பார்சலோடு இதையும் வைத்தேன். பருப்புப்பொடி, நார்த்தங்காய், அக்ஷய்க்குக் கடலை மிட்டாய் எல்லாம் மேலே இருக்கும். அடியில் ஒரு சின்னச் சட்டை இருக்கும். கடிதத்தை முடித்துவிட்டு அதைப் பிரி.

அப்பாவுக்கு பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது. உப்பைக் குறைத்தால் கோபம் ஏறுகிறது, என்ன செய்ய? எண்ணெய்க் கிடங்கில் தன்னோடு டியூட்டி பார்க்கிறவர்களிடமெல்லாம் “என் பொண்ணு அமெரிக்காவில் ரைட்டர்” என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுக் குழந்தைகளுக்குக் கதை எழுதப் போகிறேன் என்று நீ சொன்னபோது ஒரு மாதம் பேசாமல் இருந்த மனுஷன் இவர்தான். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்.

இனி உன் காரியத்துக்கு வருகிறேன். புத்தகம் அச்சுக்குப் போகிறது, பதினோராம் அத்தியாயத்தில் பிள்ளைகள் இரண்டு பேரும் நீந்திக் கரை ஏறுவது சரிதானா என்று டெய்லர் மாஸ்டரிடம் கேட்டு எழுதச் சொன்னாய். நீ ஏன் இத்தனை பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். உன் முதல் புத்தகத்தில் கால்வாய்ப் படகு இழுக்கும் கழுதையை ஓட்டுவாளே ஒரு சிறுமி, அவள் கோட்டில் நீ ஜிப் வைத்துவிட்டாய். அந்தக் காலத்தில் ஜிப்பே கிடையாது என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை உனக்கு எழுதிவிட்டது. நீ போனில் எப்படி அழுதாய்! குழந்தைகளிடம் பொய் சொல்லிவிட்டேன் அம்மா என்றாய். அன்றிலிருந்து ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் இது நடந்தது, இது என் கற்பனை என்று தனியாக எழுதி வைக்கிறாய். பாட்டு வாத்தியார் முன்னால்கூட நீ இத்தனை பயபக்தியாக உட்கார்ந்தது இல்லையடி.

இத்தனை வருஷம் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அமெரிக்காவின் பழைய கதைகளையே சொன்னவள், முதல் தடவையாகக் கதையில் நீ வளர்ந்த ஊருக்கு வந்திருக்கிறாய். அதுவும் உன் பள்ளிக்கூட யூனிபார்மைத் தைத்த கார்மேகம் மாஸ்டரின் கதையோடு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாஸ்டர் கடையில் மத்தியானம் கூட்டம் இருக்காது. நீ அனுப்பியதை டேப்லெட்டில் வைத்துக்கொண்டு நான் இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் சொல்வேன், அவர் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்பார். பம்பாயில் சிறுவனாக இருந்த மாஸ்டரும் அவர் தம்பியும் டீக்கடையில் எச்சில் கிளாஸ் கழுவியது, பாஸ்போர்ட்டும் கிடையாது ஒன்றும் கிடையாது, சரக்கு லாஞ்சில் ஒளிந்து ஏறியது, எல்லாம் கேட்டுத் தலையாட்டினார். லாஞ்சில் பாட்டில் தண்ணீர் குடித்தார்கள் என்று எழுதியிருந்தாயே, மெஷினை நிறுத்திவிட்டார். “ஏதும்மா பாட்டிலு? டிரம்முதேன். டீசல் வாடை அடிக்கும். அதையும் அளந்துதேன் ஊத்துவாய்ங்க” என்றார். கடலிலிருந்து ஊர் விளக்குகள் தெரிந்ததாக எழுதியதற்கு ஒரே சிரிப்பு. “பாப்பா லைட்டு போட்டுருச்சா! அப்ப இங்கன என்ன இருந்துச்சு? மலைதேன் கருப்பா நின்னுச்சு” என்றார். இதெல்லாம் உனக்கு மெசேஜ் போட்டுவிட்டேன், நீயும் திருத்திவிட்டாய்.

பதினோராம் அத்தியாயத்துக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. விடிகிற நேரத்தில் லாஞ்சுக்காரன் கரைக்கு வராமல் எல்லோரையும் தண்ணீரில் குதிக்கச் சொல்கிறான். பெரியவன் குதிக்கிறான், பின்னாலேயே தம்பி வேலுச்சாமி. இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு மணலில் விழுந்து, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் சொல்லி முடித்ததும் மாஸ்டர், இன்னொரு தடவை சொல்லுங்கம்மா என்றார். சொன்னேன். மறுநாள் போனபோது அடுத்த அத்தியாயம் வேண்டாம், அதையே சொல்லுங்கள் என்றார். உன் புத்தகத்துக்குப் படம் வரைகிறவர் அந்தக் கரைக்குப் போட்டு அனுப்பிய படத்தையும் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மனுஷனுக்குக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நான் ஒரு மண்டு!

போன வாரம் அவர் வீட்டுக்கே வந்தார். அவருக்கு விசா கொடுத்த கஃபீல் தவறிப்போய்விட்டாராம், அவர் மகன் கடையை மூடுகிறார். விசா கேன்சல். “கலாஸ்ம்மா, எல்லாம் முடிஞ்சுச்சு, ஊருக்குக் கெளம்பறேன்” என்று சொல்லிவிட்டு ஒரு பையை நீட்டினார். பிரித்தால் பச்சைக் கட்டம் போட்ட சட்டை, காலருக்குக்கூட அத்தனை நேர்த்தியாகத் தையல். எனக்கு வாயெல்லாம் பல். ஐயோ மாஸ்டர், அக்ஷய்க்கு ஐந்து வயதுதானே ஆகிறது, இது அவனுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்குமே என்று பேசிக்கொண்டே போகிறேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “இது பேரனுக்கு இல்லம்மா. வேலுவுக்கு” என்றார்.

எனக்குப் புரியவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்.

“அவன் கரை ஏறலம்மா. குதிச்சான், பாத்தேன். திரும்பிப் பாக்கையில இல்ல. கத்துனேன். மத்தவுக என்னையத்தேன் கரைக்கு இழுத்துட்டுப் போனாக.”

சம்யு, போன லீவுக்கு வந்து நீ அவரிடம் கதை கேட்டாயே, அப்புறம் தம்பி என்ன ஆனார் என்று கேட்டதற்கு, நல்லா இருக்கான் பாப்பா என்று சொன்னாரல்லவா? சின்ன வயதில் நாற்காலியில் ஏற்றி நிறுத்தி அளவெடுத்த பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாராம். அவருடைய அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னாராம். சின்னவன் கப்பலில் வேலை பார்க்கிறான் என்று நம்பிக்கொண்டே அந்த அம்மாள் கண்ணை மூடியிருக்கிறாள்.

“இப்ப ஊருக்குப் போறேன், அவனைப் பத்திக் கேக்கறதுக்கு ஒரு ஆளும் இல்லம்மா. பாப்பா புஸ்தகத்துலயாச்சும் ஏறிட்டான்ல. அந்தப் படத்துல மட்டும் வெத்து உடம்போட நிக்கிறான். விடியக்கால அந்தக் கரையில குளிரு ஆளைக் கொல்லும்மா. ஒரு சட்டை போட்டுவிடச் சொல்லுங்க” என்றார்.

பாப்பா மனசு கஷ்டப்படும், நடந்ததைச் சொல்லாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார். சரி என்று தலையாட்டி அனுப்பிவிட்டு நான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் பேச்சை மீறுகிறேன்தான். புத்தகத்தின் கடைசியில், இரண்டு பேரும் பிழைத்தார்கள், இது நடந்தது என்று நீ எழுதிவிடுவாயே! பிறகு ஒருநாள் உண்மை தெரிந்தால் உன்னையே நீ மன்னிக்க மாட்டாய். என் பெண்ணை எனக்குத் தெரியாதா?

ஆக, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். பதினோராம் அத்தியாயம் தப்பு. ஆனால் அதைத் திருத்தாதே அம்மா. ஜிப்பைத் திருத்தினாய், பாட்டிலைத் திருத்தினாய், விளக்கையெல்லாம் அணைத்தாய். இந்தப் பிள்ளையை மட்டும் திரும்பத் தண்ணீரில் தள்ளிவிடாதே. கடைசிப் பக்கத்தில் எது நடந்தது, எது உன் கற்பனை என்று எழுதுகிற இடத்தில் உன் மனசுக்குச் சரி என்று பட்டதை எழுதிக்கொள். அதில் நான் தலையிட மாட்டேன். மாஸ்டருக்கு இங்கிலீஷ் தெரியாது, அந்தப் பக்கத்தை அவர் படிக்கப் போவதில்லை. படத்தைத்தான் பார்ப்பார்.

அவர் அடுத்த மாதம் முதல் வாரம் விமானம் ஏறுகிறார். முதுகுளத்தூர்ப் பக்கத்து விலாசத்தை வாங்கி வைத்திருக்கிறேன். புத்தகம் வந்ததும் முதல் பிரதி எனக்கும் வேண்டாம், உன் அப்பாவுக்கும் வேண்டாம். அவருக்கு அனுப்பு.

இனி சட்டையைப் பிரித்துப் பார். படம் வரைகிறவரிடம் கொடுத்து, இதே பச்சை, இதே கட்டம் என்று சொல். வேலை முடிந்ததும் அதை யாருக்கும் கொடுத்துவிடாதே. உன் அலமாரியிலேயே மடித்து வை.

நீ நன்றாக இருப்பாய். உன் கை நோகாமல் இன்னும் நிறைய எழுதுவாய். அக்ஷயைக் குளிப்பாட்டித் தலை துவட்டும்போதெல்லாம் அந்தப் பையனையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள். பாவம், ரொம்ப நேரம் தண்ணீரில் கிடந்துவிட்டான். சீக்கிரம் அந்தச் சட்டையைப் போட்டுவிடு.

உன் அம்மா,
நீலா