பூனையின் கழுத்தில் சிவப்பு

அன்பு மகளே,

சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று, உன் பூனைக்குத் தோல் நோய். இரண்டு, நீ இனி நம் ஊர் ப்ளோவ்திவுக்குத் திரும்பமாட்டாய். அதனால்தான் பூனையை என்னிடம் விட்டுப் போனாய்.

பிறவியிலேயே முடி இல்லாத அந்தக் குட்டைக்கால் பிராணி மேசைக்கு அடியிலிருந்து என்னைக் கண்காணிக்கிறது. நானும் அதைக் கண்காணிக்கிறேன். நீ சொன்னபடி குளிப்பாட்டியபோது கழுத்தைச் சுற்றிச் சிவந்திருந்தது. பக்கத்து வீட்டு ராட்காவை அழைத்தேன்.

“வாத்தியாரே, மார்ச் மாசம் நல்லது நடக்கணும்னு கட்டுற சிவப்பு வெள்ளைக் கயிறை இதுக்குமா கட்டினீங்க?”

“வருஷா வருஷம் மக கையில கட்டுவேன். இந்த வருஷம் இதுதானே இருக்கு.”

“அந்தச் சாயம்தான் ஒட்டியிருக்கு. உரிச்ச கோழி மாதிரி இருக்கு, ஒட்டாம என்ன செய்யும்?”

துடைத்ததும் போய்விட்டது. பூனை என் மடியில் ஏறப் பார்த்தது, கால் எட்டவில்லை. தூக்கிக்கொண்டேன்.

ஆக, முதலாவது தவறு. இரண்டாவதும் தவறு என்று நீதான் எழுத வேண்டும்.

உன் அப்பா