டொர்கில் மாமாவின் குத்து

அன்புள்ள அம்மா, உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மூக்கைத் தவிர நான் சௌக்கியம்.

ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் நம் குலத்தாரின் விருந்துக்குப் போனேன். "அந்தக் காலத்துல இங்கிருந்து நியூசிலாந்துக்குக் கப்பலேறின ஆலஸ்டரோட வாரிசு நான்" என்று பெருமையாகச் சொன்னேன். தூரத்து உறவான டொர்கில் மாமா விஸ்கியை வைத்துவிட்டு என் மூக்கில் ஓங்கிக் குத்தினார். நாற்காலியோடு விழுந்தேன். சட்டையெல்லாம் ரத்தம்.

"பண்ணையார் பேச்சைக் கேட்டு, எங்க பாட்டன்மாரை நிலத்தைவிட்டுத் துரத்த அவங்க கூரையைக் கொளுத்தினவன்டா அவன்!" என்றார்.

"அப்போ வெளியே தள்ளிடுங்க" என்றேன்.

"அந்நியனைத்தான் தள்ளுவோம். சொந்தக்காரனைத்தான் அடிப்போம். எந்திரிச்சு சாப்பிடுடா."

கம்பளிக் காலுறை அனுப்பு. கடிதத்தைக் கொஞ்சம் நீளமாக எழுது. இங்கே வந்தபின் என்னைத் தொட்ட முதல் கை மாமாவுடையதுதான்.

நான் வேலை செய்யும் மீன் பண்ணைக்குப் படகு கிளம்புகிறது. ஞாயிறன்று மாமா மறுபடி கூப்பிட்டிருக்கிறார். அவருடைய அண்ணனும் வருகிறாராம். அவர் இன்னும் என்னை அடிக்கவில்லை.

உன் மர்டோ