துப்பியதை வெட்டிவிட்டார்கள்

6 ஜனவரி 2025, திங்கள்

கடலோர ஒயின் ஒருவழியாக வந்து சேர்ந்தது. இத்தாலியில் கடலைப் பார்த்த மலைச்சரிவில் விளைந்த திராட்சையாம். காசிநாதன் சார் தன் ஜீப்பிலேயே வைத்து மலைமேல் கரியாலூர் வரைக்கும் ஏற்றிக்கொண்டு வந்தார். வந்ததும் வராததுமாகத் திறக்கச் சொல்லி அடம். இத்தனை வளைவு குலுங்கி வந்த ஒயினை ஒரு நாளாவது படுக்க விடுங்க சார் என்றேன். "அதுக்கும் தல சுத்துமாம்மா?" என்று சிரித்தார். ரிசார்ட் அவருடையது, சிரிக்கலாம்.

ஒன்றை மட்டும் திறந்தேன். நிறம் கம்மி, நாவல்பழத்தைக் கசக்கிய தண்ணீர்போல. புளிப்பு தூக்கல், துவர்ப்பு அவ்வளவாக இல்லை. கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஓர் உப்பு நிற்கிறது. அதுதான் இதன் அழகே. வாயில் நன்றாக உருட்டிவிட்டு வாளியில் துப்பினேன். புதுச்சேரி ஓட்டலில் இந்த வேலை கற்றுக்கொண்ட நாளிலிருந்து துப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு மடக்கு விழுங்கியதில்லை. ருசி பார்க்கிறவள் விழுங்க ஆரம்பித்தால் மூன்றாவது பாட்டிலுக்கு நாக்கு செத்துப்போகும். இதை எங்கள் ஊரில் யாரிடம் போய் விளக்குவது? என் வீட்டுக்காரர் எல்லாரிடமும் 'எம் பொண்டாட்டி சந்தியா, ஓட்டல்ல மேனேஜர்' என்று சொல்லிவைத்திருக்கிறார். அதோடு நிறுத்திக்கொள்வது எல்லாருக்கும் வசதி.

15 ஜனவரி, புதன்

திருவள்ளுவர் தினம், பிராந்திக் கடை மூடல். என் வீட்டுக்காரருக்கா தெரியாது? தங்கதுரை முந்தாநாளே வாங்கிவந்து நெல் மூட்டைக்கு நடுவில் படுக்க வைத்திருக்கிறார். பொழுது சாயும் முன்பே ஆரம்பித்துவிட்டார். அத்தை மொச்சை அவித்து, வெங்காயம் நறுக்கிப் போட்டு, மகன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். "வெறும் வயித்துல குடிக்காதடா, குடலு வெந்துடும்."

பிராந்திக்கு மொச்சை. அதுவும் ஜோடி சேர்ப்பதுதான். என்னைவிட அத்தைக்கு அனுபவம் ஜாஸ்தி.

அதே அத்தை என் டம்ளரை மட்டும் தனியாகக் கவிழ்த்து வைக்கிறாள். நான் பாட்டிலைத் தொடுகிற கையாம்.

முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. அவள் தம்பி மகன் போன வருஷம் கள்ளச்சாராயத்தில்தான் போனான். இந்தப் பக்கத்தில் எத்தனை வீட்டில் அந்த எழவு விழுந்தது. பயம் இருக்கும்தான். ஆனால் அந்தப் பயம் மகன் கிளாஸைப் பார்த்தால் மட்டும் எங்கே ஓடி ஒளிந்துகொள்கிறது?

27 ஜனவரி, திங்கள்

பிப்ரவரி எட்டாம் தேதி விருந்து. சாருடைய சென்னை நண்பர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். எல்லாச் சாப்பாட்டுக்கும் இந்த ஒரே ஒயின். நன்றாகப் போனால் ஒயின் பொறுப்பு முழுக்க எனக்கு என்று சொல்லியிருக்கிறார்.

கடலோர ஒயினுக்குக் கடல் மீன், இது சாருடைய யோசனை. கடலூரிலிருந்து வஞ்சிரம் வந்தது. சமையல் பொறுப்பு தமிழழகனுடையது. வெள்ளிமலைக்காரன், கைமணம் உண்டு, ஆனால் காரம் என்றால் கண்மண் தெரியாது. மிளகாய்த்தூளை அப்பிப் பொரித்துக் கொடுத்தான். ஒரு விள்ளல் மீன், ஒரு வாய் ஒயின்.

"இன்னாக்கா, மூஞ்சி இப்பிடிப் போவுது?"

"நீயே பாரு."

பார்த்தான். "ஐய! இரும்புக் கரண்டிய நக்குன மாரி இருக்குது!"

அதேதான். சிவப்பு ஒயின் மீன் எண்ணெயோடு சேர்ந்தால் பெரும்பாலும் அப்படித்தான் ஆகிறது. மிளகாய் வேறு ஒயினை வாய்க்குள் கொளுத்திவிட்டது. புளிக்குழம்போடு பார்த்தோம். புளிக்கு முன்னால் ஒயின் வெறும் தண்ணீர்.

பொழுதுக்கும் அடுப்படியிலேயே கிடந்தோம். கடைசியில் பிடிபட்டது. விறகில் சுட்ட கத்தரிக்காயைக் கடைந்து, பச்சையாக நல்லெண்ணெய் ஊற்றி, சாமைச் சோற்றோடு. பக்கத்தில் மிளகாய் இல்லாமல் மிளகு மட்டும் போட்ட நாட்டுக்கோழி. கத்தரிக்காயின் புகை வாயில் இருக்கும்போதே ஒயினை உறிஞ்சினால் அந்த உப்பு முன்னால் வந்து நிற்கிறது. தமிழழகன் விழுங்கிவிட்டு "அக்கா!" என்றான். நான் துப்பிவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். கல்யாணத்துக்கு அப்புறம் இப்படி ஒரு நாள் எனக்கு வந்ததில்லை.

8 பிப்ரவரி, சனி

நடந்துவிட்டது. நல்லபடியாக.

மலையில் குளிர்தான் என்றாலும் பாட்டில்களை ஈரத்துணி சுற்றி வைத்திருந்தேன். லேசான சில்லிப்பு இருந்தால்தான் இந்த ஒயினுக்கு உயிர். பந்தியில் மூத்தவருக்கு முதலில் ஒரு வாய் ஊற்றி, அவர் சரி என்ற பிறகு மற்றவர்களுக்கு. ஒருவர் சோடா கேட்டார். ஒருவர் ஐஸ் கேட்டார். "மொதல்ல அந்தக் கத்தரிக்காய ஒரு வாய் சாப்ட்டுட்டு, அப்புறம் இத உறிஞ்சிப் பாருங்க சார். அதுக்கு மேலயும் சோடா வேணும்னா நானே ஊத்தறேன்" என்றேன். கேட்கவில்லை. சோடாவை மறந்து இன்னொரு கிளாஸ்தான் கேட்டார்.

நடுவில் ஒயினை எப்படி ருசி பார்ப்பது என்று செய்து காட்டச் சொன்னார்கள். கிளாஸைச் சுழற்றினேன், மோந்தேன், வாயில் வாங்கி உருட்டினேன், பித்தளைச் செம்பில் துப்பினேன். ரிசார்ட்டின் வீடியோக்காரர் எதிரில் நின்று எடுத்துக்கொண்டிருந்தார். துப்பும்போது ஒரு அம்மா "அய்யோ, வேஸ்ட்டு" என்றார்கள். எல்லாரும் சிரித்தோம்.

12 பிப்ரவரி, புதன்

போச்சு.

ரிசார்ட்டின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வீடியோ போட்டிருக்கிறார்கள். 'மலை மேல் ஒயின் ராணி' என்று தலைப்பு, பின்னணியில் பாட்டு. நான் சுழற்றுகிறேன், மோக்கிறேன், வாயில் ஊற்றுகிறேன், கண்ணை மூடுகிறேன். அவ்வளவுதான். அடுத்தது எல்லாரும் கைதட்டிச் சிரிக்கிறார்கள். துப்புவது இல்லை. அந்த ஒரு துண்டை வெட்டிவிட்டார்கள்.

காலையில் பஸ்ஸில் பின்சீட்டில் இருந்து ஒருவன், "அக்கா, ஒரு குவார்ட்டர் தாங்குமா?" என்றான். கண்டக்டர் சிரித்தார். வீடியோ மலைக்குக் கீழே சங்கராபுரம் முழுக்கச் சுற்றிவிட்டது, எங்கள் தெருவுக்கு வராமல் இருக்குமா? இந்த எழவு எனக்கு ஏன்?

13 பிப்ரவரி, வியாழன்

சாரிடம் கேட்டேன். எடுத்துடுங்க சார், இல்லன்னா முழுசாப் போடுங்க.

"துப்புறது பாக்க நல்லாவாம்மா இருக்கும்? சாப்புடற எடத்துல."

"அத வெட்டுனா நான் குடிக்கிற மாரி இருக்குது சார். எனக்குக் குடும்பம் இருக்குது."

"இருபதாயிரம் பேரு பாத்துட்டாங்க. அடுத்த மாசம் முழுக்க ரூம் புக் ஆயிடுச்சு. ஒன்னோட நல்லதுக்குத்தானம்மா. ஒயின் பொறுப்பு இனிமே ஒனக்குத்தான்."

இதற்காகத்தானே கிடந்து உழைத்தேன்? வந்துவிட்டது. தேங்ஸ் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வாயை என்ன சொல்ல.

16 பிப்ரவரி, ஞாயிறு

சொந்தக்காரர்களைக் கூட்டிவைத்துப் பேசினார்கள். என் வீட்டிலேயே, நான் பெருக்கிய கூடத்திலேயே. என் வீட்டுக்காரரின் தாய்மாமன் அய்யப்பன்தான் நடுவில். வரும்போதே ஏற்றிக்கொண்டு வந்திருந்தார், வெற்றிலை போட்டு மறைத்திருந்தார். அதுகூட எனக்குத் தெரியாதா? மூக்குதானே என் பிழைப்பு. மலிவு பிராந்தி, கொட்டைப்பாக்கு, ஏலக்காய்.

வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். என் பெண் தேவி கதவோரம் நின்றுகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் குடிக்கலைங்க மாமா. துப்பிட்டேன். அத வெட்டிட்டாங்க" என்றேன். யாரும் நம்புகிற மூஞ்சியாக இல்லை. உள்ளே போய் ஒரு சொம்பில் ரசம் எடுத்துவந்தேன், ஒரு கிண்ணமும். எல்லார் எதிரிலும் வாயில் வாங்கினேன், உருட்டினேன், துப்பினேன். இதுதாங்க என் வேலை. பாத்துக்கோங்க.

கிண்ணத்தில் துப்பியதை எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அய்யப்பன் மாமா கேட்டார்:

"சரிம்மா. வாயில பட்டுச்சா, இல்லியா?"

கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"பட்டா பட்டதுதான். துப்பிட்டா இல்லன்னு ஆயிடுமா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தாலி கட்டியவர். எனக்காக ஒரு சொல் வரும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். வந்தது. "ஊர்ல தல காட்ட முடியல. வேலைய வுட்டுட்டு வூட்ல இரு. இல்லன்னா பொண்ண வுட்டுட்டு எங்கியாவது போ."

நேற்று ராத்திரி வாசலில் விழுந்து கிடந்தவனைத் தூக்கி உள்ளே போட்டவள் நான். அப்போ ஊர்ல தல காட்ட முடிஞ்சுதா?

விட்டுடறேன்னு ஒரு சொல் சொன்னால் முடிந்திருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சொன்னால் குடித்தேன் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். குடிக்கலையே நான். நான் குடிக்கவே இல்லையே!

17 பிப்ரவரி, திங்கள்

துணிமணியோடு மலையேறிவிட்டேன். தேவியின் கையைப் பிடித்தேன், அத்தை மறு கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை நடுவில் நின்று அழுதது. நான்தான் விட்டேன். பள்ளிக்கூடம் இருக்கிறது, பரீட்சை முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வாரத்தில் அவர்களே கூப்பிட்டுவிடுவார்கள்.

9 மார்ச், ஞாயிறு

கூப்பிடவில்லை.

14 மார்ச், வெள்ளி

ரிசார்ட்டில் எனக்குத் தனி அறை, சட்டையில் பெயர்ப்பட்டை. வருகிறவர்கள் 'ஒயின் ராணி நீங்கதானே' என்று பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். இன்று ஒருவர் ஆட்டு ஈரல் வறுவலுக்கு எது சேரும் என்று கேட்டார். இதேதான் சார், கொஞ்சம் சில்லுனு, என்றேன். உப்பு தெரியுதா என்றும் கேட்டேன். ஓ, நல்லாத் தெரியுது என்றார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, முகத்திலேயே இருந்தது. எல்லாரும் இப்படித்தான், தெரியாததைத் தெரியும் என்கிறார்கள், தெரிந்ததை இல்லை என்கிறார்கள்.

தேவிக்கு போன் போட்டால் அத்தை எடுக்கிறாள். "படிச்சிக்கினு இருக்குது" என்று வைத்துவிடுகிறாள். எப்போது போட்டாலும் படிச்சிக்கினு இருக்குது.

2 ஏப்ரல், புதன்

வேலையில் மனம் ஒட்டவில்லை. ஒரு பாட்டில் கெட்டிருந்தது, ஈரச் சாக்கு வாசனை. திறக்கும்போது மோந்தும் பிடிபடவில்லை, மேஜையில் ஊற்றிய பிறகுதான் உறைத்தது. அவர்கள் பிரமாதம் என்று சொல்லிக் குடித்தார்கள். நானும் சும்மா நின்றேன்.

26 ஏப்ரல், சனி

அவர் போன் பண்ணினார். லீவு விட்டாச்சாம். தேவி அம்மா அம்மா என்று ஒரே பிடிவாதமாம், நாளைக்குக் கூட்டிவருகிறாராம், சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டுமாம். என் பெண்ணை எனக்கு ஒரு பகல் தருகிறார்கள்! சரிங்க என்றேன். வேறு எதுவும் பேசிக் கெடுத்துக்கொள்ளவில்லை.

27 ஏப்ரல், ஞாயிறு

அவள் வருகிறாள் என்று இன்று ஒரு பாட்டிலையும் திறக்கவில்லை. வந்த குடும்பத்துக்குத் தமிழழகனையே ஊற்றச் சொல்லிவிட்டேன். வேப்பங்குச்சியால் இரண்டு தடவை பல் தேய்த்தேன். சாமைப் பாயசம் வைத்தேன்.

பைக் வந்தது. அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். வழியில் எங்கோ நிறுத்திப் போட்டுக்கொண்டுதான் ஏறியிருக்கிறார், காற்று அந்தப் பக்கமிருந்து அடித்ததும் தெரிந்துவிட்டது. அத்தனை வளைவிலும் பிள்ளையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு. பாவி. தேவி இறங்கி அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு ஓடிவந்தாள்.

வளர்ந்திருக்கிறாள். கவுன் குட்டையாகிவிட்டது. நான் கையை விரித்துக்கொண்டு மண்டி போட்டேன். ஓடிவந்தவள் ஓரெட்டுத் தள்ளி நின்றுவிட்டாள்.

"அம்மா, ஊது."

"இன்னாது?"

"வாயத் தொறந்து ஊது. ஊதச் சொல்லிப் பாத்துட்டுத்தான் பக்கத்துல போவணும்னு வூட்ல ஆயா சொல்லிச்சி."

உங்கப்பாவ ஊதச் சொன்னியாடி என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. ஒன்பது வயசு. அவளிடம் எதைக் கேட்க?

ஊதினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து, அவசரப்படாமல் மோந்து பார்த்தாள். "இன்னிக்கி இல்ல" என்று சொல்லிவிட்டு மடியில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.