ஆமாண்ணே, நான்தான்

பாப்பாவின் அம்மாவுக்கு, ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா?

ஒரு சேதி, பயப்படாதே. எங்கள் சலவைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர் நம் ஊர்க்காரர். எல்லாரும் சாப்பிடும்போது, "குடிச்சிட்டு வண்டியோட்டி ஒருத்தர் காலை ஒடிச்சு ஜெயிலுக்குப் போனவன்தானே நீ?" என்று கேட்டுவிட்டார். இந்தப் பேச்சுக்குப் பயந்தே இரண்டு வேலைகளை விட்டு ஓடியவன் நான். அன்றும் கால் வாசலைத்தான் பார்த்தது. ஆனால் போன மாதம் ஜெபக்கூட்டத்தில் என் பாவத்தை வாய்விட்டுச் சொல்லி அழுதபோது, எல்லாம் தெரிந்துதான் இயேசு என்னை மன்னித்துச் சேர்த்துக்கொண்டார் என்பது நெஞ்சில் உறைத்திருந்தது. இனி யாரிடம் ஒளிவது?

"ஆமாண்ணே, நான்தான். ரெண்டு வருஷம் இருந்தேன். தப்பு என்னோடதுதான்," என்றேன். தலை குனியவில்லை. பிறகு சூப்பர்வைசர் குழம்பை என் பக்கம் நகர்த்தி, "சாப்பிடுப்பா, ஆறிடும்," என்றார்.

இங்கே தங்குமிடத்தில் கொடுத்த போர்வை குளிருக்குப் போதவில்லை. உன் பழைய சேலை ஒன்று அனுப்பு.

அந்த இரண்டு வருடமும் நான் வெளியூரில் வேலை பார்த்ததாகத்தானே பாப்பாவிடம் சொல்லிவைத்திருக்கிறோம்? ஞாயிற்றுக்கிழமை போனில் நானே அவளிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன். நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்திரு.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்