வழியை மறித்த வாத்து

அன்புள்ள ஸெனோன்,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அத்தைக்கு இருமல் நின்றதா? சிகாகோ பக்கத்தில் நான் நலமாகவே இருக்கிறேன். முதலில் அதை நம்பிவிட்டு மேலே படியுங்கள்.

நான் பார்த்துக்கொள்ளும் மெர்ல் தாத்தாவை நேற்றுக் காட்டுக்கு நடத்திக்கொண்டு போனேன். பயப்படாதீர்கள், தார்ப் பாதை போட்ட காடுதான். குழந்தை வண்டிகூடப் போகும். ஆனால் பாலத்தருகே ஒரு பெரிய காட்டு வாத்து இறக்கையை விரித்துச் சீறிக்கொண்டு வந்தது. தாத்தா தடுமாறினார். அவர் விழுந்தால் அவருக்கு எலும்பு போகும், எனக்கு வேலை போகும். அவரை என் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, நம் போலிஷ் மொழியிலேயே கத்தினேன்.

“காலையிலேருந்து சோபாவுல கிடந்துட்டு, இப்ப வழிய வேற மறிக்கிறீங்களா? எழுந்திருங்க! நான் வீடு கூட்டணும்!”

வாத்து இறக்கையை மடக்கிக்கொண்டு புல்லுக்குள் போய்விட்டது, நீங்கள் எழுந்து போவதைவிட வேகமாக.

“அதுகிட்ட என்னம்மா சொன்னே?” என்றார் தாத்தா.

“ஊர்ல இருந்தப்ப எங்க வீட்டுக்காரர்கிட்ட தினம் சொன்னதுதான்.”

“ஐயோ பாவம் அந்த மனுஷன்!” என்று வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

நானும் சிரித்தேன். இங்கே வந்த பிறகு அப்படி வாய்விட்டுத் திட்டியது அதுதான் முதல் தடவை. உரிமையோடு திட்ட இங்கே எனக்கு யார் இருக்கிறார்கள்?

காய்ந்த காளான் கொஞ்சம் அனுப்புங்கள். இந்தக் காட்டில் பறித்தால் அபராதமாம். கூடவே உங்கள் பழைய சாம்பல் நிற ஸ்வெட்டரையும் வையுங்கள், காலையில் குளிர்கிறது. தாத்தா கூப்பிடுகிறார், முடித்துவிடுகிறேன். ஸ்வெட்டரைத் துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

உங்கள்
போஜெனா