அக்கா, அந்த நாலு வரியை எழுதியவன் நான்தான்

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த வசந்தாக்காவுக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. இந்த நாற்பது நாளும் நான் ஓரிடத்தில் நிலையாக உட்காரவில்லை. கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோ வாசலில் நின்றால், வேறொரு ஸ்டூடியோவில் ஏதோ நடப்பதுபோல மனசு இழுக்கிறது. அங்கே போனால் இங்கே. பதினாறு வருஷமாகச் சினிமாச் செய்தி எழுதுகிறவனுக்கு இந்தப் பரபரப்பு புதிதில்லை. ஆனால் இப்போது அதற்குக் காரணம் வேறு.

கீழப்பழுவூரில் நம் வீட்டில் உன்னைக் கிடத்தியிருந்தபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை, யார் நிஜமாகவே அழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நடிகர்கள் வீட்டுத் துக்கத்துக்குப் போய்ப்போய்ப் பழகிய கண். சொந்த அக்காவின் தலைமாட்டிலும் அது ஓயவில்லை. இப்படி ஒருவனாக நான் எப்போது ஆனேன்?

உனக்குத் தெரிந்ததுதான். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சண்டைக் காட்சி எடுக்க ஒரு சினிமாக் கம்பெனி வந்தது. மேட்டிலிருந்து குதித்தது கதாநாயகன் இல்லை, அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்ட வேறொரு ஆள் என்று ஒரு வாரப் பத்திரிகைக்கு எழுதிப் போட்டேன். போட்டுவிட்டார்கள். ஆறு மாதத்தில் மெட்ராஸில் அந்தப் பத்திரிகையிலேயே வேலை. ஸ்டேஷனுக்கு நர்ஸ் உடுப்போடு ஓடிவந்து என்னை ரயில் ஏற்றிவிட்டாய். நம் வீட்டில் வயல் வேலை தவிர வேறு வேலைக்குப் போன முதல் ஆள் நீ, இரண்டாவது நான்.

மேக்கப் போடுகிறவர்களும் கார் ஓட்டுகிறவர்களும்தான் எனக்குச் செய்தி தந்தார்கள். எதைக் கொண்டுபோனாலும் ஆசிரியர், "வேற என்ன?" என்பார். அந்தக் கேள்வி காதில் ஒலிக்காமல் நான் ஒரு வாய் சோறு தின்றதில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தேன். நீ அரியலூரில் ஒரு டாக்டர் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தாய். மத்தியானம் டியூட்டி முடிந்து வந்தவள், சோற்றைப் பிசைந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாய். என்னவென்று கேட்டேன்.

"சினிமாவுல நடிக்கிற புள்ள ஒண்ணுடா. திருச்சி போற ரயில்ல வந்துச்சாம். வவுத்துப் புள்ள தங்கல. வலி தாங்காம இங்கயே எறங்கிடுச்சு. எங் கைய விடவே இல்ல. யார்கிட்டயும் சொல்லிடாத."

நான் பெயரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை. கல்யாணமாகாத எந்த நடிகை அந்த வாரம் திருச்சிப் பக்கம் படப்பிடிப்புக்குப் போகிறாள் என்பது எனக்குத் தெரியும். ஆபீஸில் அவசர வேலை என்று உன்னிடம் பொய் சொல்லிவிட்டு, இரண்டு நாள் முன்னதாகவே ரயில் ஏறினேன்.

நாலே வரி. பெயர் போடவில்லை. 'சிமெண்ட் ஊரில் பாதி வழியில் இறங்கிய அழகி, ஆஸ்பத்திரியில் இறக்கி வைத்தது என்ன?' என்று முடித்திருந்தேன். ஆசிரியர் முதல் தடவையாக 'வேற என்ன' என்று கேட்கவில்லை. அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது அக்கா. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சிமெண்ட் ஊர் என்றால் அரியலூர் என்று யாருக்கும் புரியும். இதழ் வந்ததும் டாக்டர் நர்ஸுகளை வரிசையாக நிற்க வைத்துக் கேட்டாராம். மற்றவர்கள் மேல் பழி விழக்கூடாதென்று, "நான்தான் வெளிய சொல்லிட்டேன் சார்" என்று நீ முன்னால் வந்தாயாம். யாரிடம் சொன்னாய் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. அன்றைக்கே உன்னை அனுப்பிவிட்டார்கள். பத்திரிகைக்கு விஷயத்தை விற்றவள் என்று ஊர் பேசியது. அப்புறம் கடைசிவரை பெரம்பலூருக்குப் பஸ் ஏறி, வேறொரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாய்.

என்னை நீ திட்டியிருக்கலாம். ஏன் திட்டவில்லை? என் மகள் பிறந்தபோது பார்க்க வந்தாய். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்.

"அந்த சினிமாப் புள்ள உசுரோட இருக்கா?"

"இருக்காங்கக்கா" என்றேன். எனக்குத் தெரியாது. நான் எழுதிய மூன்று மாதத்தில் அந்த அம்மா சினிமாவை விட்டே போய்விட்டிருந்தார்கள்.

உன் காரியம் முடிந்த மறுநாளே அந்த அம்மாவைத் தேடக் கிளம்பினேன். பழைய மேக்கப்காரர் ஒருவர் வழி சொன்னார். கோயம்புத்தூரில், புருஷன், ஒரு பையன் என்று அமைதியாக இருக்கிறார்கள். நான் யாரென்று சொன்னதும் கதவைச் சாத்தப்போனார்கள். அந்த நர்ஸின் தம்பி என்றேன். கை நின்றது.

"அவங்கள வேலைய விட்டு எடுத்துட்டதா டாக்டர் லெட்டர் போட்டிருந்தார். அப்படிக் கையப் புடிச்சிக்கிட்டிருந்தவங்க எதுக்கு வெளியே சொன்னாங்கன்னு இத்தனை வருஷமா யோசிச்சிருக்கேன்" என்றார்கள்.

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தம்பியிடம் சொன்ன வார்த்தையைத் தம்பி அச்சில் ஏற்றினான் என்று சொன்னேன். நீ இப்போது இல்லை என்பதையும் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தையை நானும் எடுக்கவில்லை, அவர்களும் எடுக்கவில்லை.

"இத எழுதுங்க. எம் பேர் வேண்டாம். அவங்க பேரப் போடுங்க" என்றார்கள்.

அதனால்தான் இந்தக் கடிதம். நம் பத்திரிகையிலேயே நம்மைத் திட்டிக்கொள்வதா என்று ஆசிரியர் முகம் சுளித்தார். போடாவிட்டால் வேறு பத்திரிகையில் வரும் என்றேன். அந்த நாலு வரி வந்த அதே பக்கத்தில் இடம் கொடுத்திருக்கிறார்.

இனிமேல் எழுதமாட்டேன் என்று உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு வேறு வேலை தெரியாது. நாளைக்கே ஒரு டிரைவர் வந்து காதில் எதையாவது போடுவான், என் கை பேனாவைத் தேடும். அப்போது என்ன செய்வேன்? தெரியவில்லை அக்கா. பயமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் செய்வேன். இந்த இதழ் வந்த அன்றைக்கே அரியலூருக்கு வருகிறேன். அந்த டாக்டர் வயதாகி வீட்டோடு இருக்கிறாராம். கையில் கொடுத்து, என் கண் முன்னால் படிக்கச் சொல்வேன். உன் மேல் தப்பில்லை என்று அவர் வாயால் சொல்லும்வரை அந்த வீட்டு வாசலைவிட்டு நகரமாட்டேன்.

நீ காட்டிக்கொடுக்காத உன் தம்பி,
ராமலிங்கம்