பட்டியலில் இல்லாத கதிர்க்குருவி

பங்குனி 4, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மலைமேல் மேகம் இல்லை. இந்த வாரம் தீர்க்க வேண்டியவை:

1. காட்டுக் கதிர்க்குருவி (கா.க.), சாதாக் கதிர்க்குருவி (சா.க.). உருவத்தில் பிரிக்க எனக்கு வராது. பாட்டு ஒன்றே வழி.
2. கா.க. உரத்து, விட்டுவிட்டு. சா.க. மெல்லிசாக, பூச்சி இரைவதுபோல் ஒரே இழுப்பு.
3. போன பங்குனியில் அடி அண்ணாமலை ஏரிக்கரையில் தணிகாசலம் கேட்ட சா.க. அவருடைய பிரமை. அங்கே அது இல்லை.
4. துவரம்பருப்பு, கண் மருந்து.

பங்குனி 6, வியாழன்

ஏரிக்கரை, 6.10 முதல் 8 வரை. கா.க. நான்கு. சா.க. இல்லை.

வாழைப்பழம் இரண்டு வாங்கிவிட்டேன். பழக்கம். ஒன்பது வருடம், ஞாயிறுதோறும், தணிகாசலம் கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். அவர் காது, என் நோட்டு.

போன பங்குனியில் அன்று, "அதோ கேக்குது பாருங்க சார், எழுதிக்குங்க" என்றார். எழுதினேன். எனக்குக் கேட்கவில்லை. ஒருவர் மட்டும் கேட்டால் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று அவர் எதிரிலேயே கோடு போட்டு அடித்தேன்.

சிரித்தார். "அப்ப நான் எதுக்கு சார் வரேன்?"

பிறகு வரவில்லை. போனில் அவர் நம்பரை எடுப்பேன், வைத்துவிடுவேன்.

பங்குனி 7, வெள்ளி

மேகமூட்டம். வெளியே போகவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். "தாத்தா, உங்க வாட்ச்சு அலாரம் தெனம் அஞ்சு மணிக்கு அடிச்சிக்கினே இருக்குது. நிறுத்தவே மாட்டீங்களா?"

அலாரம் கெட்டுப்போய்விட்டது என்றல்லவா நினைத்திருந்தேன்.

பங்குனி 9, ஞாயிறு

ஏரிக்கரை. நாணல் நுனியில் ஒரு கதிர்க்குருவி, இருபதடி தூரம். தொலைநோக்கியில் தெளிவு: அலகு திறந்திருக்கிறது, தொண்டை துடிக்கிறது, வால் அதிர்கிறது. சத்தம் இல்லை.

மாடு ஓட்டி வந்த அம்மாள் நின்றார். "இன்னா சார் பாக்கறீங்க?"

"அந்தக் குருவி கத்துதாம்மா?"

"நல்லா கேட்டீங்க. காது ரொய்னு இருக்குது. பூச்சியாட்டம் ஒரே இழுப்பு. உங்களுக்கு கேக்கலியா?"

தணிகாசலம் கேட்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அது பறக்கும்வரை நின்றேன்.

வீட்டில் போன வருடப் பட்டியலை எடுத்தேன். கோடு போட்டு அடித்த வரி: சா.க. 1. கேட்டவர் தணிகாசலம்.

நாளை முதல் பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர். போனில் சொல்ல எனக்கு வராது. என்ன சொல்வது என்று நான்கு முறை எழுதி அடித்தேன். மிஞ்சியது இவ்வளவுதான்: செவ்வாயன்று நான் எழுதியதில் மூன்றாவது தவறு, சார்.